கரிப்புகை படிந்த கூறை

வெற்றிலைக் கொடிக்கு நிழல் தர அகத்தி நட்டு, அந்த அகத்தியின் முதல் கீரை கோயில் பசுவுக்குப் போன காலம் அது. அந்தக் காலத்தில் இளவேலங்குளம் என்றோர் ஊர். ஊர் நடுவே உலகம்மை கோயில், ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால், ஊர் ஓரத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம். காலையில் கிள்ளிய வெற்றிலை அன்று மாலையே மதுரைச் சந்தையில் ஈரம் காயாமல் இறங்குமாம்.

அந்த ஊரில் அம்பலவாணன் என்று ஒருவர் இருந்தார். தாய் தந்தை இல்லை. தமக்கை குழல்வாய்மொழிதான் எல்லாம். கட்டியவனை இளம் வயதிலேயே இழந்தவள் அவள். தம்பிக்காக உயிர் தாங்கிய தமக்கை ஒருவரை அடியார் வரலாற்றில் அறிவோம் அல்லவா? அந்த வழியில் வந்தவள் என்றே ஊரார் சொல்வார்கள். வெள்ளைச் சேலை உடுத்திக் கொடிக்காலைக் காத்தாள், தம்பியை வளர்த்தாள். கணவன் நினைவாக அவளிடம் எஞ்சியது ஒன்றே ஒன்று: மணவறையில் உடுத்திய சிவப்புக் கூறைச்சேலை. பெட்டிக்குள் வசம்பு இட்டு வைத்திருந்தாள். ஆண்டுக்கொரு முறை வெயிலில் விரிப்பாள், மடித்து வைப்பாள்.

வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி நாடே கொதித்த ஆகஸ்டு மாதம் வந்தது. பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு வண்டி வருகிறது என்று செய்தி. அம்பலவாணன் தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டார். அந்த வேளையில் வளைவுக்கு அப்பால் வெகு தொலைவில் கூவல் கேட்டது. நிலையத்து ஆள் பதறிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது: வந்தது பட்டாள வண்டி அன்று. பிள்ளை குட்டிகளோடு சனங்கள் வரும் வண்டி!

ஓடினாராம், ஓடினாராம், மூச்சு இரைக்க வீட்டுக்கு ஓடினாராம். வீட்டில் சிவப்பு என்று இருந்தது அந்தக் கூறை ஒன்றுதான். கேட்க அக்கா வீட்டில் இல்லை. கேட்க நேரமும் இல்லை. எடுத்தார், ஓடினார், தண்டவாளத்தின் நடுவே நின்று விரித்துப் பிடித்தார். வண்டி நின்றது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. அவரையோ பிடித்துக்கொண்டார்கள். கூறையைச் சாட்சிப் பொருள் என்று கொண்டுபோனார்கள். அதோடு விடவில்லை, ஊருக்குத் தண்டனையாக ரயில் நிலையத்தையும் மூடினார்கள்.

"உன் தம்பி நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கப் போனான். நம்ம ஊருக்கு வந்த ரயிலை வழியனுப்பி வச்சுட்டான்" என்று கொடிக்கால்காரர்கள் தமக்கையிடம் குத்திக் காட்டுவார்களாம். அடுத்த நிலையத்துக்கு மாட்டுவண்டி கட்டிப் போவதற்குள் வெற்றிலை வாடிப்போகும்.

சிறை மீண்டு வந்தார் அம்பலவாணன். தமக்கை வாசலில் நின்றாள்.

"என்னைக் கேக்காம எடுத்தியேலே. என் சேலை எங்க?"

"அக்கா, அது கோர்ட்டுல..."

"அது வாரப்போ பேச வா. அதுவரைக்கும் உனக்கு இங்க சோறு உண்டு, பேச்சு கிடையாது."

சொன்னபடியே நடந்தாள். இலை போடுவாள், பரிமாறுவாள், பேசமாட்டாள். நாடு விடுதலை பெற்றது, பேசவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் அவர் நின்றார். "தம்பிக்கு ஓட்டுப் போட்டியா ஆச்சி?" என்று கேட்டவர்களிடம், "ஓட்டுப் போட்டேன். ஓட்டுப் பெட்டிகிட்டயா பேசணும்?" என்றாளாம்.

அவர் வென்று டில்லிக்குப் போனார். போகும்போதும் வரும்போதும் வண்டி இளவேலங்குளத்தில் நிற்காமல் கடக்கும். அவர் கதவருகே கைகூப்பி நிற்பார். கொடிக்கால் வரப்பில் ஒரு வெள்ளைச் சேலை முதுகு காட்டி நிற்கும். முதுகு காட்டத்தான் நின்றாள். ஆனால் ஒரு முறையும் வராமல் இருந்ததில்லை. அதைக் கண்டு அவர் கண் கலங்குவாராம்.

கூறையைத் தேடி அவர் ஏறாத அரசுக் கச்சேரி இல்லை. கிடங்கில் கறையான் தின்றுவிட்டது என்று கைவிரித்தார்கள். சேலைதான் இல்லை, ரயிலையாவது கொண்டுவருவோம் என்று சபையில் எழுந்தார். "எங்கள் ஊர் செய்த குற்றம் நான் ஒருவன் செய்தது. என்னை மன்னித்துச் சபையில் அமர்த்தினீர்கள். என் ஊரை இன்னும் ஏன் மன்னிக்கவில்லை?" என்று கேட்டாராம். உத்தரவு பிறந்தது.

முதல் வண்டி நிற்கும் நாள் பங்குனி உத்திரம். உலகம்மையே பல்லக்கில் நிலையத்துக்கு எழுந்தருளினாள். அம்மைக்குச் சாத்தும் புதுச் சிவப்புக் கூறை குருக்கள் கையில் தட்டில் இருந்தது. மங்கல நாள் என்பதால் குழல்வாய்மொழி கூட்டத்துக்குப் பின்னே, வெற்றிலைக் கூடைகளின் மறைவில் ஒதுங்கி நின்றாள்.

வளைவில் வண்டி கூவியது. கூவியதே தவிர, வேகம் குறையவில்லை! உத்தரவு எந்த மேசையில் தங்கிற்றோ, ஓட்டுநரிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை. அம்பலவாணன் தம் கதர்த் துண்டை எடுத்து வீசினார். வெள்ளைத் துண்டல்லவா? வரவேற்கிறார்கள் என்று எண்ணிய ஓட்டுநர் மகிழ்ந்து இன்னொரு கூவல் கொடுத்தாராம்!

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைச் சேலை வந்தது.

"அம்மா, தொடாதேயுங்கோ! அம்பாள் கூறை!" என்று குருக்கள் பதறினார்.

"அவ கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும் சாமி" என்றாள் குழல்வாய்மொழி. கூறையை எடுத்தாள். தண்டவாளத்தில் இறங்கினாள். இரு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

இரும்பு கிறீச்சிட, புகை சூழ, கூப்பிடு தூரத்தில் வண்டி நின்றது.

அம்பலவாணன் ஓடிவந்து தமக்கையின் கையைப் பிடித்தார். அத்தனை ஆண்டுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"ஏலே, அன்னைக்கும் உனக்குக் கை இப்படித்தான் நடுங்குச்சா?"

"நடுங்குச்சுக்கா."

"பெறகு எப்படிலே விடாம நின்ன?"

"அது உன் சேலைல்லா அக்கா. எப்படி விடுவேன்?"

அவள் அழுதாளாம். வண்டியின் புகைக்கரி கூறையெங்கும் படிந்திருந்தது. தாலியற்றவள் தொட்டது, கரியும் பட்டது, இனி அம்மைக்கு ஆகுமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். குருக்கள் உலகம்மையின் முகத்தைப் பார்த்தார்; நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கூறையைக் கையேந்தி வாங்கி, உதறாமல், துடைக்காமல், அப்படியே அம்மைக்குச் சாத்தினார்.

இன்று அந்தத் தம்பியும் இல்லை, அந்தத் தமக்கையும் இல்லை. கொடிக்காலும் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் பங்குனி உத்திரத்தன்று உலகம்மை நிலையத்துக்கு எழுந்தருளுகிறாள். ஊரில் கணவனை இழந்த பெண்களுள் ஒருத்தியே கூறையை விரித்துப் பிடிக்கிறாள். வேறெவர்க்கும் அந்த உரிமை இல்லை. வண்டி நின்றதும் ஓட்டுநருக்கு முதல் வெற்றிலைக் கட்டு. இப்போது வருவது புகையில்லாத வண்டி. ஆகையால் சாம்பிராணிப் புகையில் ஒரு முறை காட்டிய பிறகே கூறை அம்மைக்கு ஏறுகிறது.

சென்ற ஆண்டு பிடித்தவள் இந்த ஆண்டு பிடிப்பவளை அருகே நின்று கேட்பாள்: "கை நடுங்குதா?"

"நடுங்குது. விடமாட்டேன்" என்று அவள் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் பல்லக்கு திரும்பும்.