ஏழு தேடும் மேடு

ஏரியும் கடலும் முட்டிக்கிற இடத்துல வெள்ளாங்குப்பம்னு ஒரு ஊர். ரயில் கரியில ஓடின காலத்துல அந்த ஊர்ல தேசம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். வலைக்காரர் வீட்டுப் பொண்ணு. பின்னாடி பட்டணத்துல கணக்குப் பேராசிரியரா ஆனவ. அவ கதையைச் சொல்லணும்னா முதல்ல அவ அண்ணனைச் சொல்லணும். இல்லன்னா ஒண்ணும் புரியாது.

அண்ணன் பேரு வஜ்ரவேலு. அப்பா அம்மா இல்லாத வீடு. தங்கச்சி பள்ளிக்கூடத்துல முதலா வந்ததும் பட்டணத்துக் காலேஜ்ல கொண்டுபோய் சேர்த்துட்டான். ஊர்த் தலைவர் கோதண்டம் நாட்டார் கூட்டம் போட்டாராம்.

"வயசுப் பொண்ணை ஆஸ்டல்ல வுட்டுட்டு வந்துகிறியே, ஊரைக் கேட்டியா?"

"என் தங்கச்சி. அவளைக் கேட்டேன்."

"வுழுந்து மன்னிப்புக் கேளு."

"மாட்டேன் நாட்டாரே."

அவ்வளவுதான். வஜ்ரவேலுவைத் தள்ளி வெச்சுட்டாங்க. ஏரியில வலை போடக் கூடாது. யாரும் அவன் வீட்டுக்கு நெருப்பு குடுக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது. பக்கத்து ஊர் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான். பதினாலு வருஷம் போனான்னு சொல்லுவாங்க.

இப்ப ஏரிக்கு வர்றேன். ஏரியில மீன் படுற இடம் எட்டு. அந்த இடத்துக்குப் பேரு பாடு. ஒரு படகும் அதுல போற ஆளுங்களும் ஒரு செட்டு; வலை போடுற செட்டும் எட்டு. இன்னைக்கு முதல் பாட்டுல போட்டவன் நாளைக்கு ரெண்டாவது பாடு, அப்புறம் மூணாவது, இப்படியே சுத்தி வரணும். நியாயமாத்தானே இருக்கு? இல்ல. யோசிச்சுப் பாருங்க. இப்படிச் சுத்தினா, எந்தப் பாட்டுக்குப் போனாலும் உங்களுக்கு முந்தின நாள் அங்க வாரிட்டுப் போனது ஒரே ஆளுதான். எப்பவும் அவன்தான் முன்னாடி, நீங்கதான் பின்னாடி.

நாட்டார் வலைக்குக் கண்ணு சின்னது. அவர் வாரின இடத்துல சேறுதான் மிஞ்சும். அவர் பின்னாடி வந்தது யாரு? வஜ்ரவேலு. அவன் வாயைத் திறந்ததில்ல. அதனால ஊருக்கே அது தெரியல. அவனைத் தள்ளினதும் அடுத்த செட்டுக்காரன் துலுக்காணம் அந்த இடத்துல வந்து விழுந்தான். ஒரு மாசம்தான் பொறுத்தான்.

"நாட்டாரே, இனிமே உம்ம பின்னாடி நான் வரமாட்டேன்."

"பின்ன யாருடா வர்றது?"

"யாரு வேணா வரட்டும். என் பொண்டாட்டி சந்தைக்குக் காலிக் கூடையைத் தூக்கினு போறா."

வரிசையை மாத்தினாங்க. வேற ஒருத்தன் மாட்டினான். மறுபடி மாத்தினாங்க, இன்னொருத்தன் மாட்டினான். வலையைக் கிழிச்சாங்க. துடுப்பால ஒருத்தன் மண்டை உடைஞ்சுது. எட்டாவது பாடு யாருக்குன்னு அடிச்சுக்கிட்டதுல அதையும் சும்மா போட்டுட்டாங்க. வருஷம் வருஷமா இதே கதைதான்.

அங்க பட்டணத்துல தேசம்மா என்ன பண்ணிட்டு இருந்தா? இதையேதான். படிப்பு முடிச்சு, ஒரு காலேஜ்ல பாடம் நடத்திக்கிட்டே ஆராய்ச்சி பண்ணினா. அவ ஆராய்ச்சி ஒரு கட்டம். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நாள் போகணும். ஒவ்வொரு ஆளும் மத்த ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரே ஒரு தடவை வரணும். யாரும் எப்பவும் ஒருத்தர் பின்னாடியே மாட்டிக்கக் கூடாது. அண்ணன் என்னைக்கும் சொல்லாததை அவ சின்ன வயசுலயே கரையில நின்னு பார்த்திருக்கா.

நாலு, ஆறு, எட்டுன்னு இரட்டைப்படையில ஆள் இருந்தா கட்டம் வரும். அதை முன்னாடியே கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. மூணுக்கும் அஞ்சுக்கும் வராது. அதை அவளே போட்டுப் பார்த்து நிரூபிச்சா. ஏழு? நாலு வருஷம் நோட்டு நோட்டா தேடினா. கிடைக்கல. சரி, இல்லவே இல்லைன்னு நிரூபிக்கலாம்னா அதுவும் முடியல.

"ஏழுக்கு இல்லைன்னு எழுதிடும்மா. யாரு போட்டுப் பார்க்கப் போறா?"ன்னு துறைத் தலைவர் சொன்னாராம்.

"எனக்குத் தெரியாதே சார்."

தேடினேன், கிடைக்கலைன்னு எழுதி அனுப்பினா. இதெல்லாம் ஒரு கட்டுரையான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவளுக்கு வரவேண்டிய பதவி அவளுக்கு அப்புறம் சேர்ந்தவருக்குப் போச்சு. ஒரு வரி பொய் எழுதியிருந்தா கிடைச்சிருக்கும். எழுதல.

அந்தச் சமயத்துலதான் துலுக்காணம் பட்டணத்துக்கு வந்து அவ முன்னாடி நின்னான். "தேசம்மா, நீ ஏதோ கட்டம் போடுறியாமே. எங்களுக்கு ஒண்ணு போட்டுக் குடு. இல்லன்னா கொலை வுழும்."

வந்தா. ஒரு காலையில ஊரே கரை மேட்டுல கூடிச்சு. வஜ்ரவேலு மட்டும் தள்ளி, உப்பளத்துக்குப் போற பாதையில நின்னான். உள்ள வர அவனுக்கு அனுமதி இல்ல. தேசம்மா கிளிஞ்சலைப் பொறுக்கி மண்ணுல வெச்சா. முதல் பாட்டுக்கு நாளுக்கு ஒரு செட்டு இந்த வரிசையில: ஒண்ணு, ரெண்டு, எட்டு, மூணு, ஏழு, நாலு, ஆறு, அஞ்சு. அடுத்த பாட்டுக்கு எல்லாத்துலயும் ஒண்ணைக் கூட்டிக்கோ, எட்டுக்கு அடுத்தது ஒண்ணு. இப்படியே எட்டு வரிசை. ஊர் உட்கார்ந்து சரி பார்த்துச்சு. யாரும் யார் பின்னாடியும் ரெண்டு தடவை வரல.

நாட்டார் கேட்டார். "எல்லாம் சரி. எட்டு எதுக்கு? நாம ஏழு செட்டுதானே? ஏழுக்குப் போடு."

எல்லார் தலையும் பாதைப் பக்கம், எட்டாவது செட்டுக்காரன் நின்ன இடத்துக்குத் திரும்பிச்சு.

துலுக்காணத்தோட பொண்டாட்டி பட்டம்மா முன்னாடி வந்தா. "இன்னா, ஏழுக்கு வராதுன்னு சொல்லப் போறியா? உங்கண்ணனுக்கோசரம்?"

தேசம்மா அண்ணனைப் பார்த்தா. உப்பு அரிச்ச காலு அவ்வளவு தூரத்துலயும் தெரிஞ்சுது. 'வராது'ன்னு ஒரு வார்த்தை. சொன்னா அவன் ஏரியில இறங்கிடுவான். பொய்யுன்னு சொல்ல அந்த ஊர்ல மட்டும் இல்ல, எங்கயுமே ஆள் கிடையாது. அது உண்மையாவேகூட இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்.

"தெரியாது"ன்னா.

"இன்னாது?"

"ஏழுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. நாலு வருஷம் தேடினேன். கிடைக்கல."

பாதையில இருந்து வஜ்ரவேலு கத்தினான். "அடிப்பாவி! தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

கூட்டம் சிரிச்சுது. அவ சிரிக்கல, அழவும் இல்ல. "நீங்களே தேடுங்க. கிடைச்சா ஏழு பேரே வெச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தா.

நாட்டாருக்கு ஒரே சந்தோஷம். "ஏழு என்ன பெரிய ஏழு, பொழுது சாயறதுக்குள்ள போட்டுடலாம்"னாரு. போட முடியல. மறுநாளும் முடியல. வலையெல்லாம் கரையில காயுது, ஏழு செட்டும் மேட்டுல குந்திக்கினு கிளிஞ்சலை நகர்த்துது. நாலு வரிசை வரும், அஞ்சு வரும், ஆறாவதுல ஒருத்தன் அதே ஆள் பின்னாடி ரெண்டாந்தடவை வந்து இடிக்கும். ஒன்பதாம் நாள் நாட்டார் "வந்துடுச்சு! வந்துடுச்சு!"ன்னு துள்ளினாராம். பட்டம்மா குனிஞ்சு விரலை வெச்சு வெச்சுப் பார்த்தா.

"இங்க உம்ம பின்னாடி யாரு?"

"துலுக்காணம்."

"இங்க?"

நாட்டார் அந்தக் கிளிஞ்சலைக் கையால மறைச்சார்.

"இங்கயும் நாங்கதானா? ரெண்டு தபாவும் நாங்கதானா? ஒன்பது நாளா அடுப்பு எரியல. இருக்கற எட்டைப் போடுய்யா. ஏழு கெடைச்ச அன்னைக்கு வஜ்ரவேலு எறங்கிப் போட்டும்."

"அவ பேச்சை நம்பியா?"

"வராதுன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

நாட்டார் தன் கட்டத்தைக் கையால கலைச்சாராம். அப்புறம், "ஏழு கெடைக்கற வரைக்கும்தான்"னாரு.

தேசம்மா எழுந்தா. "அப்படின்னா வருஷா வருஷம் தேடணும். எங்கண்ணனும் கூட உட்கார்ந்து தேடணும்."

வஜ்ரவேலு மேட்டு மேல ஏறி வந்தான். பதினாலு வருஷத்துல முதல் தடவை. "என்னைத் தொரத்தறதை நானே தேடணுமாடி?"

"ஆமாண்ணா. ஒளிக்காம தேடணும்."

அவளை முறைச்சான். அப்புறம் குந்தி ஒரு கிளிஞ்சலை எடுத்தானாம்.

தேசம்மா பட்டணத்துக்குத் திரும்பிப் போயிட்டா. வேலையில இருந்த கடைசி ரெண்டு வருஷம்தான் பேராசிரியர்னு போட்டாங்க. ஏழுக்கு வராதுன்னு கடைசி வரைக்கும் அவ சொல்லல. வரும்னும் சொல்லல.

இப்பவும் வெள்ளாங்குப்பத்துல வருஷா வருஷம் முதல் வலை போடுற அன்னைக்குக் காலையில யாரும் நேரா வலையைத் தொட மாட்டாங்க. எட்டுச் செட்டும் அந்த மேட்டுல உட்கார்ந்து ஏழைத் தேடும். முதல் கிளிஞ்சலை வஜ்ரவேலு வம்சத்து ஆளுதான் வைக்கணும். போன வருஷம் வஜ்ரவேலுவோட பேரன் வெச்சாரு. அஞ்சு வரிசை சரியா வந்துச்சு. ஆறும் வந்துச்சு. அது வரைக்கும் வந்ததே இல்லையாம். ஏழு வந்துட்டா அவர் வீடுதான் மறுபடி வெளியில, எங்க எல்லாருக்கும் தெரியும். கலைச்சுட்டு எழுந்திருந்தா யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் அடுத்த கிளிஞ்சலை வெச்சாரு. அதுக்கடுத்தது. அதுக்கும் அடுத்தது.

இடிச்சுது.

எட்டுப் படகும் இறங்குச்சு. ஏழு தேடும் மேடுன்னு அதுக்குப் பேரு வந்தது இப்படித்தான்.