ஏழாவது படம்

— கதிரையத் திரைக்குக் கிட்டப் போட்டிருக்கேன் தம்பி, அதுலயே இருங்க. மருமக உள்ளுக்கு இருக்கா. புருஷனுக்காக இருக்குற இத்தா முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் வெளி ஆம்புளைங்களுக்கு முகங்காட்ட மாட்டா. பேச்சு நல்லாக் கேக்கும்.

— பரவாயில்லை அம்மா. கனநேரம் இருக்க மாட்டன். நுஸ்லா, நான் சஞ்சீவன். றினோஸின்ர ஆராய்ச்சிக்குப் பொறுப்பா இருந்த விரிவுரையாளர்.

— தெரியும் சேர். குரல் தெரியும்.

— எப்பிடி இருக்கிறீங்கள்?

— இருக்கேன்.

— மூணரை மாசமா இதத்தான் தம்பி சொல்றா. எம்புள்ளட மையித்த இந்த ஹோலுக்குள்ள வெச்சிருந்த நேரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சனம் என்னென்னவோ கதைக்குது. நான் ஒண்ணும் கேக்கல. கேக்கப் பயமா இருக்கு.

— மாமி, சேருக்குத் தேத்தண்ணி குடுங்க.

— ஊத்தி வெச்சிருக்கேன் புள்ள. ஆறுது.

— படச் சுருளைத் திரைக்குக் கீழால தள்ளுறேன் சேர். அதுக்குத்தானே வந்தீங்க. மொத்தம் ஒம்பது. ஒழுங்கா அடுக்கி இருக்கு.

— ஓம், றினோஸின்ர பேரில புத்தகமாப் போட இருக்கிறம். இதெல்லாம் அவர் தன்ர கையால வரைஞ்சது எண்டுதான் எல்லாரிட்டயும் சொன்னனான்.

— எழுதுறது அவர். வரையுறது நான். டெக்னிக்கல் கொலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சேன். பழைய போட்டோவெல்லாம் ஃபோன்ல பாத்து, சாப்பாட்டு மேசையில தாள விரிச்சு வரஞ்சேன்.

— எனக்கு இன்னும் வெளங்கல்ல தம்பி. உக்குவளையில கடலா இருக்கு? மொளகு யாவாரக் குடும்பத்துல பொறந்தவன், ஜேர்மன்காரன் நூத்தம்பது வருஷத்துக்கு முந்திக் கப்பல் கட்டுன வளவுகளப் பத்தி என்னத்துக்குப் படிக்கணும்?

— நம்மட கடை மாதிரித்தான் மாமி. மூட்டை பின்ரோட்டால வருது. சலிக்கிற எடம், நிறுக்குற எடம், பொறகு முன்னுக்கு லொறி. ஒரு மூட்டையும் திரும்பிப் பின்னுக்குப் போகாது. அங்க மரக்கப்பல் காலத்துல ஆத்தங்கரையில கெடச்ச எடத்துல கட்டுனாங்க. இரும்பு வந்த பொறகு அப்படி முடியல. தகடு ரயில்ல பின்பக்கம் வந்து இறங்கும். அளவு குறிக்கிற கொட்டகை, தொளை போடுற கொட்டகை, வளைக்கிற உலை, அதுக்குப் பொறகு கப்பல் கட்டுற மேடை, கடைசில ஆறு. எல்லாத்தையும் அந்த வரிசையில மாத்தி அமைச்சாங்க. அதத்தான் அவர் எழுதினார்.

— வடிவாச் சொல்லுறீங்கள், நுஸ்லா.

— அவர் எழுதிட்டு சத்தமா வாசிப்பார். நான் கேட்டுக்கிட்டே சமைப்பேன்.

— நான் படம் எடுக்க மட்டும் வரேல்ல. ஏழாவது படத்தைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும்.

— சொல்லுங்க.

— அதில கப்பல் இறக்கிற மேடையெல்லாம் ஆத்தை நேராப் பாக்காமல் ஒரு பக்கம் சரிவா இருக்குது. மற்ற எட்டு வளவின்ர படத்திலயும் நேர். நான் அதைப் பிழை எண்டு நினைச்சன். அண்டைக்குப் பின்னேரம் ஆய்வேட்டை அச்சுக்குக் குடுக்க வேண்டி இருந்தது. காலமை ஃபோன் எடுத்து, உடனே கண்டிக்கு வந்து திருத்திப்போட்டுப் போகச் சொன்னன்.

— ம்.

— சரியான மழை. பஸ்ஸில வருவார் எண்டு நினைச்சன். மோட்டர் சைக்கிள்ல வருவார் எண்டு…

— அக்குறணை வளைவுல லொறி. தெரியும் சேர்.

— போன கிழமை ஜேர்மனியில இருந்து மூலப்படம் வந்தது. மேடை சரிவாத்தான் இருக்குது. உங்கட கோடு ஒரு பாகைகூடப் பிசகேல்ல. அந்த இடத்தில ஆறு ஒடுக்கம். நேராக் கட்டினா…

— இறக்குற கப்பல் எதிர்க்கரையில போய் முட்டும். சரிச்சுக் கட்டுனா ஆத்துட நீளத்துக்கு ஓட எடம் கெடைக்கும்.

— ஓம்.

— தம்பி, நீங்க என்ன சொல்றீங்க? எம்புள்ள அன்னைக்குப் போனது…

— தேவையில்லாத பயணம் அம்மா. படத்தில பிழை இல்லை. பிழை என்னில. மன்னிப்புக் கேக்க எனக்கு முகம் இல்லை. உங்கட வாசல்ல வந்து சொல்லாமல் இருக்கவும் முடியேல்ல.

— யா அல்லாஹ்.

— நுஸ்லா, ஏதாவது சொல்லுங்கோ. ஏசினாலும் கேட்டுக்கொண்டு இருப்பன்.

— ஏச ஒண்ணும் இல்ல சேர்.

— உங்கட கோடு பிழைச்சதாலதான் அவர் போனவர் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சு நொந்திருப்பீங்கள். அதையாவது இறக்கி வையுங்கோ.

— நான் ஒருநாளும் அப்படி நினைக்கல. அன்னைக்குக் காலைல நீங்க எடுத்த நேரம், ஃபோன்ல பேசினது யாரு சேர்?

— றினோஸின்ர ஃபோன்தான். ஆனா… பொம்பிளைக் குரல். சரி சேர், சொல்றேன் சேர் எண்டு.

— அவருக்குக் காய்ச்சல். சுபஹ் தொழுதுட்டு மறுபடி படுத்திருந்தார். கோடு சரின்னு எனக்குத் தெரியும். ஆறு ஒடுக்கம் சேர்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கெம்பஸ் சேருக்கு நான் என்னத்தச் சொல்றதுன்னு, சரி சேர்னு வெச்சுட்டு, நான்தான் அவர எழுப்பி, ரேன்கோட்ட மாட்டி அனுப்பினேன்.