முதல் மிதியிலேயே

ரசத்துக்குப் புளியை நீர்க்கக் கரைக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு இங்கே எவ்வளவு உதவியது தெரியுமா அக்கா. அந்த ரசம் இல்லாவிட்டால் நான் இன்னும் கம்பெனியின் லேபர் கேம்பில்தான் கிடப்பேன். தகர ஷெட்டில் பதினாறு பேர். குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். பதினோரு மாதம் அங்கே இருந்தேன். ஒரு நாள் சைட்டில் நான் வைத்த ரசத்தைக் குடித்துப் பார்த்த எஞ்சினியர் சீனிவாசன் சார், ரூவி டவுனில் தன் வீட்டுக்கே என்னை அழைத்துக்கொண்டார். சமைப்பேன், துவைப்பேன், காரைப் பார்த்துக்கொள்வேன். எனக்கென்று ஒரு அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

சார் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தைந்து மார்ச்சில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அம்மையப்பா, பிரபாவுக்கு விசா வந்துடுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை வரா. நீ மறுபடி கேம்புக்குப் போயிடறியா? ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன்."

"சரி சார்" என்று மோர் ஊற்றினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறப்பேன். ஆனால் கோபம் இல்லை. சார் சம்சாரம் பிரபாவதி அம்மா வரும்போது கார் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சாருடைய கார் பழசு. பிரேக் ஒரே மிதியில் பிடிக்காது. முழு பலத்தையும் காலில் இறக்கி இரண்டு முறை மிதித்தால் மூன்றாவதில் நிற்கும். நான்கு வருடமாக அப்படியே ஓட்டி சாருக்கு அது பழகிவிட்டது. காரைக்குடி லாரி ஷெட்டில் நான் பிரேக் வேலைதானே பார்த்தேன். அடிபட்ட வண்டிகளை உடைத்து விற்கும் கீழக்கரை சுஐபுவிடம் போனேன். அதே காரின் புது மாடல் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து டிஸ்க் பிரேக்கையும், மிதிக்கிற பலத்தைப் பல மடங்காக்கும் பூஸ்டரையும் கழற்றினேன்.

"என்ன மாப்ளே, கிழட்டு வண்டிக்கு இம்புட்டுச் சீரா?" என்றார் சுஐபு.

"சார் சம்சாரம் வர்றாங்க பாய்."

"அப்பச் சரி. பொஞ்சாதி வந்துட்டா ஆம்பளைக்குப் பிரேக் வேணும்தான்."

வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, மூன்று நாளில் மாட்டி முடித்தேன். ஆயில் மாற்றுகிறேன் என்று மட்டும் சாரிடம் சொன்னேன். அந்த நாட்களில் அவர் ஆபீஸ் ஜீப்பில் போய்வந்தார். வியாழக்கிழமை காரை வெட்டவெளிக்கு எடுத்துப் போனேன். முன்சீட்டில் அரிசி மூட்டையை உட்காரவைத்து, சார் மிதிப்பது போலவே மிதித்தேன். முதல் மிதியிலேயே சக்கரங்கள் இறுகின. மூட்டை பறந்துபோய் டாஷ்போர்டில் மோதி வாய் பிளந்தது. சீட்டுக்கு அடியில் சிதறியதையெல்லாம் பொறுக்கினேன். நல்ல அரிசி.

இந்தக் கடிதத்தை லீவில் வரும் நம்மூர் ராக்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ மட்டும் படி. மச்சானிடம் காட்டாதே.

விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். நுனிக்காலால் தொட்டுத் தொட்டு நிறுத்தினேன். சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்ததில் எதையும் கவனிக்கவில்லை. திரும்பும்போது பெரிய ரோடு வந்ததும் ஓரமாக நிறுத்தினேன். "நீங்க ஓட்டுங்க சார். அம்மா பக்கத்துல உக்காரட்டும்."

"பாத்தியா பிரபா, எவ்ளோ விவரம்" என்று சார் சிரித்தார்.

பிரேக் மாற்றியதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சாருக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் அவர் சீட்டின் முதுகில் முட்டுக்கொடுத்தேன்.

வண்டி வேகமெடுத்தது. பிரபாவதி அம்மா முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்கள். "தம்பி, இவர் லெட்டர் பூரா உங்க ரசம்தான். கேம்புக்குப் போனாலும் வெள்ளிக்கிழமைன்னா நம்மாத்துல சாப்பாடு. வரலேன்னா நானே வந்து இழுத்துண்டு போவேன்."

'போனாலும்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

"சார், ஆடு, ஆடு" என்று கத்தினேன்.

ஆடு எதுவும் இல்லை அக்கா. ரோடு காலியாக இருந்தது. சார் பழைய பழக்கத்தில் முழு பலத்தோடு மிதித்தார். வண்டி சறுக்கிப் போய் ரோட்டோரக் கல்மேட்டில் முட்டி நின்றது. சாருக்கு ஸ்டியரிங் இருந்தது. எனக்கு அவருடைய சீட் இருந்தது. அம்மாவுக்கு முன்னால் கண்ணாடி மட்டும்தான். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

போலீஸ் மெக்கானிக் பிரேக்கை மிதித்துப் பார்த்து "ஜைன், ஜைன்" என்றார். ரொம்ப நல்ல பிரேக்காம். கெட்டிருந்தால் என்னைப் பிடித்திருப்பார்கள். நல்ல பிரேக்குக்கு யாரைப் பிடிப்பது? உங்கள் நன்மைக்காகத்தான் மாற்றினேன், சொல்ல மறந்துவிட்டேன் என்று சாரிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் கார் சாவியைத் தொடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கையை உதறிவிடுகிறார். "ஒரு ஆட்டைக் காப்பாத்தப் போய் அவளைக் கொன்னுட்டேனே அம்மையப்பா" என்கிறார். ஆடு இல்லை என்று சொன்னால் அவருக்கு அந்தப் பாரம் இறங்கிவிடும். எனக்குத் தெரியும். ஆனால் பாரம் இறங்கிய மனிதர் மறுபடி கல்யாணம் செய்துகொள்வார். அல்லது மெட்ராஸுக்கே போய்விடுவார். அதனால் சொல்லவில்லை.

கேம்பைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. அழும்போதெல்லாம் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுகிறேன். இந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், நீயே சொல்லு அக்கா.