கதிர் விட்ட வயலிலும் இறங்குவோம்

மதிப்பிற்குரிய கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, கணவரைப் பறிகொடுத்து நிற்கும் சயேகோ சான் அவர்களே, மருந்தடிப்பு நாளிலும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே!

நம் வயல்களுக்கு மேலே ஒவ்வொரு கோடையும் ஹெலிகாப்டரில் பறந்து மருந்து தெளித்த விமானி தொகாஷி மசனோரி இன்று இல்லை. அவரோடு முறை வைத்துப் பறந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

தலைவர் சற்று முன் சொன்னார்: "நம் நெல்லைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த உத்தமர்!" நினைவுக் கல்லிலும் அதையே பொறிக்கலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். என்னால் முடியவில்லை.

முன்பொரு முறை எஞ்சின் நின்றபோது, தொகாஷி இதோ முன்வரிசையில் இருக்கும் ஹன்சாவா சானின் வயலில் இறங்கினார். கதிர் விட்ட நெல் ஒரு மூலை முழுக்கச் சாய்ந்தது. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை! அதன் பிறகு எந்த விருந்தானாலும் ஹன்சாவா சான் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்ப்பா, அம்மாம்பெரிய ரோடு கெடக்கு. உனக்கு என் நெல்லுதான் மெத்தையா கெடச்சுதா?"

"மத்தவங்க நெல்லு குத்துது அண்ணே!"

சாக்கே மதுக் கிண்ணங்கள் குலுங்கச் சிரிப்போம். தொகாஷியும் சிரிப்பார். ஆனால் மறு வசந்தத்தில் விடுப்பு எடுத்து வந்து, அந்த மூலையைத் தன் கையாலேயே நட்டுக் கொடுத்தார். அவர் மனதில் அது கேலியாகவா இருந்தது?

போன வாரம் மறுபடி எஞ்சின் நின்றது. தரையில் வானொலியோடு நின்றது நான்தான். அவர் குரல் தெளிவாகக் கேட்டது: "கீழ கதிர் விட்டிருக்கு. ஆத்துப் பக்கம் போயிடுறேன்."

எஞ்சின் நின்ற பிறகும் மேலே சுழலும் இறக்கையில் கொஞ்சம் வேகம் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தில் உடனே இறங்கினால் பிழைக்கலாம். தூரம் போக ஆசைப்பட்டால் அது வழியிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது. வெறும் மணல் கிடக்கும் ஆற்றங்கரையை அவர் எட்டவே இல்லை.

இதையா கல்லில் பொறிப்பது? இதைப் படித்து வளரும் அடுத்த விமானி எங்கே இறங்குவான்?

நேற்று சயேகோ சான் வீட்டு வாசலில் ஹன்சாவா சான் அழுதார். "என் வயல்ல எறங்கியிருந்தா என்னம்மா செஞ்சிருப்பேன்? இன்னும் பத்து வருஷம் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே!"

அவ்வளவுதான் ஐயா! அதை விமானிகள் பறப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தில், இன்றே, எல்லோரும் சொல்லுங்கள்!

தொகாஷி விட்ட இடத்திலிருந்து நாளைக் காலை நான் பறக்கிறேன். பயமில்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். அவர் தொடங்கிய வேலை நிற்காது. ஆனால் என் எஞ்சின் நின்றால், நேர் கீழே இருக்கும் வயலில் இறங்குவேன். யாருடையது என்று பார்க்க மாட்டேன். கதிர் விட்டிருக்கிறதா என்று பார்க்க மாட்டேன்.

ஓடி வந்து திட்டுங்கள். நின்று கேட்டுக்கொள்ள நான் உயிரோடு இருப்பேன்.