மொதக் கரண்டி கூழு

அட நீங்க வேற சார்! ஒடம்பு சரியில்லன்னு எவன் சொன்னான்? நாடகம் போடற செங்கொடி அக்காவா? போன்ல அப்டியா சொன்னாங்க... "நடிகர் ஒருவருக்குத் திடீரென உடல்நலக் குறைவு, தாங்கள் வந்து கைகொடுக்க வேண்டும்"னு... சரியா? அக்கா பேசினா இஸ்திரி போட்ட சட்ட மாதிரிதான் சார் வரும், ஒரு மடிப்பு கலையாது. சும்மா டபாய்ச்சிக்கீறாங்க உங்கள. அதோ பாருங்க, அந்த மீன் வலக் குவியலுக்கு அப்பால, லுங்கிய மடிச்சிக் கட்டிகினு, எஞ்சினப் பிரிச்சி வச்சிகினு, இந்தப் பக்கம் முதுக காட்டிகினு குந்திகினு கீறாரே... அவருதான் செல்வம் மாமா. ஒடம்பா சரியில்ல? காலைல அந்த எஞ்சின ஒத்த ஆளாத் தூக்கினாரு சார்!

அவரு பார்ட்டதான் நீங்க நடிக்கப் போறீங்க. ஆறு மணிக்கி நாடகம், இப்போ மணி மூணு. சோக்கா கீதுல்ல?

குந்துங்க சார். ஐயோ, வல மேல குந்தாதீங்க, கிழிஞ்சா ஊரே திட்டும். இந்த கேன் மேல குந்துங்க. இது வலக்கூடம் சார், இங்கதான் மேட போடப் போறாங்க. கர்ச்சீப்ப எடுத்து உள்ள வைங்க. மூக்கப் பொத்திகினு வந்த நடிகர்னு திருவொத்தியூரு குப்பம் பூரா பேரு வச்சிடும், அப்பால நீங்க எந்த மேடையில ஏறினாலும் அந்தப் பேருதான்.

நான் அறிவு. பிளஸ் டூ. பின்னால நின்னு வசனம் எடுத்துக் குடுக்கறது என் வேல. ரெண்டே பேர் நாடகம், அதுலயும் ரெண்டும் பெருசுங்க. எனக்கு எங்க சார் வேஷம் குடுப்பாங்க? இந்தக் குப்பத்துல எவன் கொரல் வேணும் உங்களுக்கு? கேளுங்க, தரேன். பஞ்சாயத்துத் தலைவரு கொரல்ல, "நாளைக்கி காலைல ஏலம் கெடையாது"ன்னு ஒரு நாளு போன்ல சொன்னேன் பாருங்க... நாலு அம்மாங்க கூடைய கவுத்து வச்சிட்டு படுத்துத் தூங்கிடுச்சிங்க. செம்ம சிரிப்பு! அப்பால வெளக்கமாறு பறந்துச்சி, அது வேற கத.

சரி, கதைக்கி வரேன்... வரேன் சார், வாட்ச பாக்காதீங்க.

செல்வம் மாமாவும் தேசப்பன் மாமாவும் நாப்பது வருச தோஸ்து. ஒரே போட்டு, ஒரே வல. பாதி இவருது, பாதி அவருது. எங்கப்பா அதுல மூணாவது ஆளாப் போறாரு. ஆறு வருசம் முன்னாடி வரைக்கும் செல்வம் மாமா குடிச்சாருன்னா குடி... அப்டி ஒரு குடி! கரையில வுழுந்து கெடப்பாரு, அல வந்து எழுப்பும். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஜெபக்கூடத்துல போயி முட்டி போட்டாரு. குடி நின்னுபோச்சி. ஆளு கிறிஸ்தவராயிட்டாரு. தேசப்பன் மாமா எல்லையம்மன் கோயில்ல ஆடி மாசம் கூழ் ஊத்தற ஆளு. இவரு அங்க, அவரு இங்க. ஆனா போட்டு ஒண்ணுதான். இதான் சார் நாடகம். அக்கா ரெண்டு பேரையும் குந்த வச்சி, கேட்டுக் கேட்டு எழுதினாங்க. நடிக்கறதும் அந்த ரெண்டு பெருசுங்களேதான்.

ஞானஸ்நானம் சீன் ஒண்ணு கீது, அத்த நீங்க நல்லா பண்ணணும். பாஸ்டரு செல்வம் மாமாவக் கடல்ல முழுக்கி எடுக்க வராரு. வெளியூர்க்காரரு பாவம், நீச்சல் தெரியாது. "பயப்படாதிரும் சகோதரா, கர்த்தர் உம்மைத் தாங்குகிறா..." முடிக்கல சார், அல வந்துச்சி பாருங்க ஒண்ணு! "ஐயோ, யாராச்சும் கையப் புடிங்களேன்!" கரையில வேடிக்க பாத்துகினு நின்ன தேசப்பன் மாமா, நெத்தியில குங்குமத்தோட ஓடிப்போயி, ஒரு கைல பாஸ்டரு, ஒரு கைல தோஸ்து, ரெண்டு பேரையும் புடிச்சிகினு, "சீக்கிரம் முழுக்கித் தொலைங்கய்யா, அடுத்த அல பெருசா வருது"ன்னு கத்தினாராம். ஒத்திகையில அத்த பண்ணும்போது ரெண்டு பெருசும் சிரிச்சி சிரிச்சி வசனத்தையே வுட்டுடும். அக்கா, "தோழர்களே, கட்டுப்பாடு, கட்டுப்பாடு"ன்னுவாங்க.

இன்னா, செல்வம் மாமா மாதிரி ஒரு தபா பேசுங்க, பாப்போம்... ஐய! இது டிவி நியூசு சார். கெட்டியா, தொண்டையில மணல் கொட்டின மாதிரி வரணும். "டேய் தேசப்பா... சாமி ரெண்டாயிட்டா கூட்டு ரெண்டாயிடுமாடா?" இப்டி. தாடி மட்டும் வச்சிட்டா ஆச்சா?

இப்போ எங்க கீது அந்தக் கூட்டு? எஞ்சினு இவரு கைல. போட்டு தேசப்பன் மாமா வூட்டு வாசல்ல கவுந்து கெடக்குது. வலய ரெண்டா அறுக்கணும்னு வேற பேசிகினு கீறாங்க. பன்னெண்டு நாளா எவனும் கடலுக்குப் போவல. எங்கப்பா வூட்ல குந்திகினு எங்கம்மா கைல வாங்கிக் கட்டிகினு கீறாரு. ரெண்டு கெழ நண்டு, ஒண்ணு கொடுக்கால ஒண்ண புடிச்சிகினு, நீ வுடு நீ வுடுன்னு... இதுங்க தோஸ்தாம்! இதுக்கு ஒரு நாடகமாம்!

எதுக்குன்னு கேளுங்க. கூழுக்கு சார், கூழுக்கு! வெக்கமா கீது சொல்றதுக்கு.

ஆடி மாசம் கூழு ஊத்தறப்போ, செல்வம் மாமா துன்ன மாட்டாரு. கூழுன்னா அவருக்கு உசுரு, ஆனா ஆத்தாளுக்குப் படைச்சது ஆவாது. ஜெபக்கூடத்துல அப்டித்தான் சொல்லுவாங்க, படையல் வேற சாமிக்கி வச்சது, தொடக்கூடாதுன்னு. சரி. அதுக்கு தேசப்பன் மாமா ஒரு வழி வச்சிருந்தாரு. கேவுரு கூழு கொதிச்சி எறங்கினவுடனே, படையல் போடறதுக்கு முன்னாடியே, மொதக் கரண்டிய ஒரு தூக்குவாளியில ஊத்தி தனியா வச்சிடுவாரு. கருவாட்டுக் கொழம்பும் அப்டித்தான். பூசாரி குதிப்பாரு: "அடேய், ஆத்தா வாய்ல வக்கறதுக்கு முன்னாடி எவன் வாய்லடா வக்கற?" தேசப்பன் மாமா அசர மாட்டாரு. "ஆத்தா நம்ம ஆளு, கோச்சிக்க மாட்டா. அவன் கோச்சிக்குவான்." அவ்ளோதான். தூக்குவாளிய என் கைல குடுத்து அனுப்புவாரு. நான்தான் சார் ஆறு வருசமா கொண்டு போயிக் குடுக்கறேன். செல்வம் மாமா ஆராதன முடிஞ்சி வந்து, சட்டயக் கூட கழட்டாம, தூக்க வாய்ல கவுத்துகினு குடிப்பாரு.

இந்த ஆடியில கூழ் ஊத்தின ஞாயித்துக்கெழமையும் அப்டித்தான். குடிச்சாரு, ஏப்பம் வுட்டாரு. சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வந்துச்சி. தேசப்பன் மாமா நம்பர்லேந்து. "க்ஹூம்... இன்னாடா செல்வம், கூழு எப்டிடா? க்ஹூம்... ஆத்தாளுக்குப் படைச்ச கூழுடா அது! இந்த வருசம் மட்டும் இல்ல, ஆறு வருசமா அத்தத்தான்டா துன்னுகினு கீற. போ, போயி உன் பாஸ்டரு கைல சொல்லு!" சொல்லிட்டு ஒரு சிரிப்பு, அந்த இரும்பலோட.

பெருசு கரைக்கு ஓடி, தொண்டையில வெரல வுட்டு வாந்தி எடுத்துச்சி. நம்புவீங்களா சார்? சாயங்காலம் வரைக்குமா கூழு வயித்துல இருக்கும்? அறிவு வேணாம்? மறுநாளு ஒத்திகைக்கி வந்து, நேரா தேசப்பன் மாமா மூஞ்சியப் பாத்து, "ஆறு வருசமா எனக்கு படைச்சதத்தான் குடுத்தியா?"ன்னாரு. அந்தப் பெருசு, "இல்லடா"ன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? ஆங், அது எப்டி சொல்லும்! "என்னயா கேக்கற? நீ... என்னப் பாத்தா கேக்கற?"ன்னு நின்னுச்சி. அப்பால துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு போயிடுச்சி. அவ்ளோதான். நாப்பது வருசம், ஒரு நிமிசத்துல!

பஞ்சாயத்துல கூப்ட்டுப் பேசினாங்க. செல்வம் மாமா, "அவன் வாயால சொன்னான், என் காதால கேட்டேன்"ங்கறாரு. தேசப்பன் மாமா, "அவனே நம்பிட்டான், நான் எதுக்குப் பேசணும்?"ங்கறாரு. இதுல ஜெபக்கூடத்துல நாலு பேரு, "அதான் சொன்னோமே"ன்னு. கோயில் ஆளுங்க நாலு பேரு, "மதம் மாறினவன் புத்தி"ன்னு. ஆறு வருசமா வாய மூடிகினு இருந்ததுங்களுக்கெல்லாம் இப்போதான் நாக்கு மொளச்சிச்சி. கலீஜ் பிடிச்ச ஊரு சார்.

இன்னா சார்?

அது... போன்ல இன்னா பேசினாருன்னு எனக்கு எப்டி தெரியும்னா... செல்வம் மாமா ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரே...

இரும்பலா? எந்த எடத்துல இரும்பினாருன்னு... அட, அவரு எப்பவுமே அப்டித்தான் இரும்புவாரு சார். ரெண்டு வார்த்தைக்கி ஒரு தபா... சிரிப்பா? சிரிப்பும்தான். எதுக்கு சார் அப்டிப் பாக்கறீங்க? நடிக்க வந்தீங்களா, போலீசு வேலைக்கி வந்தீங்களா?

...சரி. நீங்க வெளி ஆளு. நாளைக்கி ரயில் ஏறிப் பூடுவீங்க.

தேசப்பன் மாமா அன்னிக்கி, "டேய் அறிவு, இத்த ரீசார்ஜ் பண்ணித் தாடா"ன்னு போன என் கைல குடுத்தாரு. கைல போன் கீது, தொண்டையில அவரு கொரல் கீது. சும்மா இருக்க முடியுமா சார்? ஒரு நிமிசம் கலாய்ச்சிட்டு, "மாமா, நான்தான்"னு சொல்லிடலாம்னுதான். சிரிப்பு தாங்காம நானே கட் பண்ணிட்டேன். மறுபடி போட்டேன், எடுக்கல. வாந்தி எடுத்துகினு இருந்திருக்காரு. அப்பால சொல்லலாம், அப்பால சொல்லலாம்னு... நாளாயிடுச்சி. இதுங்க இப்டி நம்பும்னு எவனுக்குத் தெரியும்? ஒரு ஆளு கொரல நாப்பது வருசம் கேட்டுட்டு, அது அவன் கொரலா இல்லையான்னு கூடவா தெரியாது? என் மேல இன்னா தப்பு? கொரல் கரெக்டா இருந்தது தப்பா?

இப்போ சொன்னா எங்கப்பா தோல உரிச்சிடுவாரு. கோயில் ஆளுங்க, ஜெபக்கூடத்து ஆளுங்க, பஞ்சாயத்து... எல்லாரும் ஒண்ணு சேந்து... வேணாம் சார். நீங்க நல்லா நடிச்சிடுங்க, தேசப்பன் மாமாவுக்கு பதிலா இன்னொருத்தர் வராரு, நாடகம் நடந்துடும். சனம் கை தட்டும். போதாதா?

சார்... சார், எங்க எந்திரிச்சிட்டீங்க? ஸ்டேசன் அந்தப் பக்கம் இல்ல. பாத்ரூமும் இல்ல. சார், அங்க செல்வம் மாமாதான் கீறாரு... சார்! உங்ககிட்ட நம்பி சொன்னேன் சார்! நில்லுங்க... ஐயோ, இருங்க, நீங்க போயி சொன்னா பேஜாராயிடும்! நானே சொல்றேன்... நானே...

மாமா! செல்வம் மாமா. மொதல்ல அந்த ஸ்பேனர கீழ வைங்க. வைங்க மாமா... இவரு யாரோ சாரு, இவர வுடுங்க. அந்தப் போனு... கூழு மேட்டர்... தேசப்பன் மாமா பேசல. நான்தான் பேசினேன்.

இன்னா? அவரு அனுப்பினாரா? இல்ல மாமா, சத்தியமா இல்ல. அவருக்குத் தெரியவே தெரியாது. போன் என் கைல இருந்துச்சி, நானே... பொய்யா? நான் எதுக்கு மாமா இந்த விசயத்துல பொய் சொல்லப் போறேன், அடி வாங்கறதுக்கா? எப்டி நம்பறதுன்னா... நான் எல்லார் மாதிரியும் பேசறது ஊருக்கே தெரியுமே.

இப்போவா? இங்கயா? பேசிக் காட்டணுமா?

வேணாம் மாமா. அன்னிக்கி உங்க மூஞ்சி தெரியல, பேசிட்டேன். இப்போ... சரி, சரி, ஸ்பேனர எடுக்காதீங்க.

க்ஹூம். இன்னாடா செல்வம்... கூழு எப்டிடா... க்ஹூம்... ஆத்தாளுக்குப்... ஆத்தாளுக்குப் படைச்ச...

போதும் மாமா. அதுக்கு மேல வரல. வரல மாமா... அதே கொரல்தானே? எதுக்கு எஞ்சினயே பாத்துகினு நிக்கிறீங்க? அடிக்கணும்னா அடிச்சிடுங்க மாமா...

ஆ! காது! காது மாமா! பிஞ்சி கையோட வந்துரும்! எங்க இட்டுகினு போறீங்க... இது தேசப்பன் மாமா வூட்டுப் பக்கமாச்சே! ஐயோ, அவரு கை உங்க கைய வுட கனம்... சார், இன்னா சிரிப்பு உங்களுக்கு? பின்னாலேயே வர்றீங்களே, வெலக்கி வுடக் கூடாதா? மாமா, மெதுவா நடங்க, நானே வரேன், ஓட மாட்டேன். அடிங்க, வேணான்னு சொல்லல. ஒருத்தரா மட்டும் அடிக்காதீங்க, ரெண்டு பேரும் சேந்து அடிங்க!