பல்லில் கவ்விய பறி

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். மூத்தவள் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“இந்த வருசம் எறா நல்லா கெடைக்குதுன்னேன். யூனிவர்சிட்டி மேடத்துக்கு மூஞ்சி தொங்கிப்போச்சுடி.”

“ஏங்க்கா, நல்ல சேதிதான?”

“அவங்களுக்கு இல்ல. ஏரில எறா கொறஞ்சுபோச்சு, ஆராய்ச்சி பண்ணணும்னு எழுதிதான டெல்லில பணம் கேட்டுக்கீறாங்க. நேத்து அத விசாரிக்க ஆபீசருங்க படகுல வந்து, எறா கெடைக்குதானு என்னையே கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“பணம் வந்தாதான உன் தங்கச்சிக்கு மேடத்துகிட்ட வேல?”

“ஐயோ, பொய் சொல்லிட்டியா?”

“நான் ஏன் பொய் சொல்றேன்? கழுத்தளவு தண்ணில நின்னு ரெண்டு கையாலயும் தடவிக்கினு இருக்கேன். எறா போடுற ஓலைப்பறி பல்லுல தொங்குது. வாயத் தொறந்தா பறி போயிடும்ல?”

இளையவள் சிரித்தாள். “பறி காலியாக்கா?”

“ரொம்பி வழிஞ்சுது. அவங்க போறவரைக்கும் தண்ணிக்கு மேல தூக்கல. தாடை இன்னும் வலிக்குதுடி.”