மறுகா எண்டா பொறகு

ஆன்ட்டி, நீங்க சொன்னதெல்லாம் பொய், உங்களால எங்கட ரெண்டு வருஷ ஆராய்ச்சி நாசமாப் போச்சு எண்டுதானே? சொல்லுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. வாசல்ல நிண்டு கத்தினத உள்ளுக்கு வந்து இரிந்து சொன்னா மரியாதயா இரிக்கும். இரிங்க ஆகிலா. அந்தக் கதிரையில இல்ல, அது அவர்ர. இஞ்சால.

உங்கட கம்பியூட்டர்க்கார ஷிப்லி கேற்றுக்கு வெளியிலயா நிக்காரு? நிக்கட்டும். நான் இத்தாவில இரிக்கன். கட்டின மாப்பிள கண்ண மூடி மௌத்தாகி இண்டைக்கு இருபத்தாறாம் நாள், நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆம்புளைக்கு முன்னால வரப்படா. அத யோசிச்சுத்தான் உங்கள உள்ளுக்கு அனுப்பியிரிக்காங்க. கெம்பசில நாலு டிபார்ட்மெண்ட் சேந்து செஞ்ச வேல, ஏச்சு வாங்க மட்டும் தமிழ் டிபார்ட்மெண்ட்.

ஓம், எதுக்கு வந்தீங்கண்டு தெரியும். நான் உங்களோட இரிந்து நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதின அந்தக் கொப்பி முழுக்கத் திருத்தித் தந்தா ஆராய்ச்சி தப்பும், இல்லாட்டி உங்கட பட்டமும் சேந்து போகும். அதுதானே?

ஆரு சொன்ன நான் பொய் சொன்னதெண்டு? சபூறா. மௌத்தாப் போன மனிசன்ட பதிஞ்சு வச்ச சத்தத்த அவர்ர தங்கச்சிக்குப் போட்டுக் காட்டி, இது என்ன, இது என்ன எண்டு கேட்டிரிக்கீங்க. அவ சொன்னதும் நான் சொன்னதும் பாதிக்கு மேல ஒத்து வரல்ல. உடன நான் பொய்க்காரி. அவ மருதமுனையில இரிந்து மாசத்துக்கு ஒருக்கா வாழப்பழச் சீப்போட வாறவ. நான் ரெண்டு வருஷம் அவர்ர மூத்திரச் சட்டியத் தூக்கினவ.

மெய்யச் சொன்னா அவ சொன்னதுதான் சரி. பொறுங்க, பேனைய எடுக்காதீங்க. கேளுங்க முதல்ல.

ஹாட்வெயார்க் கடை ஜெமீல் ஹாஜியார் எண்டா இந்தக் கல்முனையில தெரியாத ஆள் இல்ல. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமப் போயிட்டு. வாயில மிஞ்சினது ஒரே ஒரு சொல்லு, மறுகா. பசிச்சாலும் மறுகா, நொந்தாலும் மறுகா, நுளம்பு கடிச்சாலும் மறுகா. ஆனா மூளை தெளிவு. நாம கதைக்கிறதெல்லாம் விளங்கும். அதக் கேள்விப்பட்டுத்தானே ஓடி வந்தீங்க, மீன் வந்த இடத்துக்குக் காகம் மாதிரி.

நீங்க புத்தளத்துப் புள்ள, முதல் நாள் அத மறுபடியும் எண்டு எழுதினீங்க. உங்கட பேராசிரியர் அதுக்கும் மேல. மறுகுதல் எண்டா மனம் கலங்குறது, பழைய தமிழில இரிக்கி, நோயாளிட ஆழ்மனசு கதைக்கிது எண்டு பதிமூணு பக்கம். நான் வாசிச்சன். கொன்வெண்ட்டில சிஸ்டர்மார்கிட்டப் படிச்சவ நான், தடிச்ச புத்தகத்தக் கண்டு பயப்புடுற ஆள் இல்ல. மறுகா எண்டா பொறகு. மறுகா வாறன், மறுகா தின்னுறன். எங்கட ஊரில மூக்கு வடியிற புள்ளயும் சொல்லும். அவ்வளவுதான்.

குணம் டொக்டர் அவர்ர தலையில பசையப் பூசி வயர்த் தொப்பியக் கொழுவினாரு. அந்தப் பசையக் கழுவினது ஆரு? பொருளாதாரக்காரர் ஒருத்தர் வந்து, ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம் உங்களுக்கெண்டு எடுக்கீங்க எண்டு கேட்டாரு. தொழுகைக்கு வுளுச் செய்யிற நேரத்தையும் சேக்கவா எண்டன். சிரிக்காம எழுதினாரு. ஷிப்லி பெட்டி செஞ்சாரு. அவர் மறுகா எண்டா, தலைக்குள்ள என்ன ஓடுது, குரல் ஏறுதா இறங்குதா எண்டு பாத்து, அதுட அர்த்தத்தப் பெட்டி சொல்லும், அதுவும் அவர்ர சொந்தக் குரலில. குரலக்கூட என்ட போனில கிடந்த பழைய வொய்ஸ் மெசேஜில இரிந்துதான் எடுத்தீங்க.

சரி, அந்தப் பெட்டிக்கு ஆரு படிப்பிச்ச? அவர் மறுகா எண்டுவாரு, நீங்க என்ட முகத்தப் பாப்பீங்க, நான் சொல்லுவன், நீங்க எழுதுவீங்க. ஒரு நாளாவது அவர்ர முகத்தப் பாத்தீங்களா? ஹாஜியார், ஆன்ட்டி சொல்றது சரியா எண்டு கேட்டீங்களா? அவர் தலைய ஆட்டி ஆட்டித்தான் பாத்தாரு. நரம்பு நடுக்கம் எண்டன். அதையும் எழுதினீங்க.

அந்த மறுகாவால தங்கச்சியக் கூப்பிடு எண்டாரு, தேத்தண்ணி கேக்காரு எண்டன். சீனி போடு எண்டாரு, சீனி வேணாமாம் எண்டன். இடுப்பு நோகுது, பெரட்டிப் படுக்க வை எண்டாரு. சந்தோஷமா இரிக்காராம், எழுதுங்க எண்டன். நீங்க அதுக்குப் பக்கத்தில சின்னப் பூவொண்டும் கீறினீங்க.

என்னப் புள்ள அப்படிப் பாக்கீங்க? பேயக் கண்ட மாதிரி. முப்பது வருஷம் அவர் சொன்னத நான் கேட்டன். ரெண்டு வருஷம் நான் சொன்னத அவர் சொன்னாரு.

பாரிசவாதம் வந்துதான் அந்தச் சொல்லு வந்ததெண்டு நினைக்கீங்க. இல்ல. எனக்கு அது பழைய சொல்லு. கலியாணம் முடிச்சி மூணாம் மாசம் பேராதனை கெம்பசில இரிந்து கடிதம் வந்த, இங்கிலீஷ் படிக்க இடம் கிடைச்சிரிக்கி எண்டு. வாசிச்சாரு. மடிச்சி அலுமாரியில வச்சிப்போட்டு, மறுகா பாப்பம் எண்டாரு. இந்த ஊடு எங்கட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு, அவர்தான் இஞ்ச வந்து ஏறினவர். நாங்க படுக்கிற அறைக்கு ஒரு ஜன்னல் வைக்கக் கேட்டன், அதுவும் மறுகா. எங்கட வாப்பா மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, ஒருக்காக் கொண்டு போங்க எண்டு அழுதன். கடையில சீமெந்து இறங்குது, மறுகா போவம் எண்டாரு. மூணாம் நாள் வாப்பாவே வந்தாரு. வெள்ளத் துணி சுத்தின ஜனாஸாவா.

ஏழு வருஷத்துக்கு முன்ன ஹஜ்ஜுக்குப் போனாரு. போறதுக்கு முன்ன ஆக்கள்கிட்டப் பொருத்தம் கேக்குறதானே, நான் ஏதும் பிழ செஞ்சிரிந்தாப் பொறுத்துக்கங்க எண்டு? உங்கட புத்தளத்திலயும் இரிக்கும். ஊரெல்லாம் நடந்தாரு. மீன் யாவாரி மஜீட், பத்து வருஷம் முகம் பாக்காத மச்சான், எல்லார்ர கையையும் புடிச்சிக் கேட்டாரு. சபூறாட்ட அழுதே போட்டாரு. வேன் வந்து நிக்கிது. நான் வாசல்ல நிக்கன். என்னப் பாத்து, உன்னட்ட மறுகா கேக்கன் எண்டு சொல்லிப்போட்டு ஏறிட்டாரு. திரும்பி வந்தாரு. சம்சம் தண்ணி வந்திச்சி, பேரீச்சம்பழம் வந்திச்சி, எனக்கு ரெண்டு அளவு பெரிய அபாயா ஒண்டு வந்திச்சி. அந்த மறுகா மட்டும் வரல்ல.

இப்ப கொப்பியத் தொறங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு, பின்னேரம் எண்டு ஒவ்வொரு நாளும் ஒண்டு இரிக்கும் பாருங்க. ஓம், அதுதான். இடது கையால என்ட கையத் தேடிப் புடிச்சி, நெஞ்சில வச்சி, மெதுவா, மறுகா. முதல் நாளே எனக்கு விளங்கிட்டு. நீங்களும் கேட்டீங்க, ஆன்ட்டி, இது வேற மாதிரி இரிக்கே, கண் கலங்குதே எண்டு. உங்களுக்குக் காது இரிந்திச்சி மகள், அத நான் மறுக்கல்ல. நான் கைய உருவிக்கிட்டு எழும்பிப் போய்ச் சுவிட்சப் போட்டன். வேர்க்குதாம், ஃபேனப் போடச் சொல்றாரு எண்டன்.

ரெண்டு வருஷம். ஒவ்வொரு அஸருக்கும் அவர் கேட்டாரு, நான் ஃபேனப் போட்டன். மார்கழி மழைக்கையும் போட்டன். அவர் குளிரில நடுங்குவாரு. ஏன் மதினி மழைக்க ஃபேன் எண்டு சபூறா கேட்டா. உங்கட கூடப்புறந்த காக்காட ஆசை எண்டன்.

மறுகா நீங்க பெட்டியக் காட்டின நாள். நாலு டிபார்ட்மெண்ட்டும் இந்த விறாந்தையில நெருங்கிக்கிட்டு நிண்டிச்சி. அண்டைக்கும் அஸர் நேரம்தான். தொப்பி தலையில. அவர் கைய நீட்டினாரு. ஆக்களுக்கு முன்னால குடுக்காம இரிக்க ஏலுமா, வந்து குடுத்தன். மறுகா எண்டாரு. பெட்டி அவர்ர குரலில என்ட பேரச் சொல்லி, ஸுஹைறா, ஃபேனப் போடு எண்டிச்சி.

எல்லாரும் கைதட்டினீங்க. குணம் டொக்டர் ஷிப்லியக் கட்டிப் புடிச்சாரு. நீங்களும் தட்டினீங்க ஆகிலா, வளையல் குலுங்கக் குலுங்க. அவர் பெட்டியப் பாத்தாரு. மறுகா என்னப் பாத்தாரு. என்ட கைய நான் உருவல்ல அண்டைக்கு, அவராத்தான் விட்டாரு.

அதுக்குப் பொறகு அந்த ஒரு சொல்லையும் சொல்லல்ல. ஒம்பதாம் நாள் மௌத்து. கடைசிப் பக்கங்கள் ஏன் வெறுமையாக் கிடக்கெண்டு டொக்டர் ஏதாவது காரணம் எழுதியிரிப்பாரு. நரம்பு எண்டு எழுதியிரிப்பாரு.

இல்ல, நான் அழல்ல. இந்த வெள்ள உடுப்பு முகத்த அப்படிக் காட்டும். பேனையத் தாங்க. கொப்பி முழுக்கத் திருத்தித் தாறன், கையெழுத்தும் வைக்கன், உங்கட பட்டம் உங்களுக்கு. ஆனா முதல்ல அந்த அஸர் நேரத்துச் சொல்லத் திருத்துங்க. ஃபேன் எண்டத வெட்டுங்க. எல்லா நாளையும்தான். வெட்டிப்போட்டு எழுதுங்க: ஸுஹைறா, பொறுத்துக்க.

எழுதிட்டீங்களா? சரி. இப்ப போய் ஷிப்லிட காரில இரிந்து அந்தப் பெட்டியக் கொண்டு வாங்க. அவர் வெளியில நிக்கட்டும், பெட்டி அந்நிய ஆம்புள இல்லதானே. அவர்ர குரலில அத எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்ட வைங்க. நான் பொறுக்குறனா இல்லையா எண்டது உங்களுக்குத் தேவையில்ல, எனக்கே கேட்டாத்தான் தெரியும்.

என்ன, விரலப் பாத்துக்கிட்டு இரிக்கீங்க? பொறகு கொண்டு வாறம் எண்டு மட்டும் சொல்லாதீங்க. எழும்புங்க மகள். ஒருக்கா. ஒரே ஒருக்காப் போட்டுக் காட்டுங்க.

ஆகிலா?